கடற்கரையிலிருந்து பனிமலைக்கு: மூன்று நாடுகளூடே ஒரு மோட்டார்ப் பிரயாணம்

உலகப் படத்தில் அதிரியாத்திக் கடல் ஐரோப்பாக் கண்டத்தினுள் நீண்டு புகுந்த ஒரு விரல்போலத் தோன்றும். அவ்விரலின் நுனியில், இத்தாலி நாட்டின் கிழக்கெல்லையை ஒட்டி, திரியெஸ்தே என்னும் துறைமுக நகரம் அமைந்திருக்கின்றது. அங்கிருந்து வடக்கு நோக்கிச் செல்பவர் ஸ்லோவேனியா நாட்டைக் கடந்து ஒஸ்திரியா நாட்டின் பனிமலைகளை அடைவர். கடல், சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம், பச்சை நதி, கணவாய், பனிக்கட்டியாறு என்பன ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்து நிற்கும் வழி அது. மூன்று நாடுகளின் மண்ணைத் தொட்டுச் செல்லும் அவ்வழியின் நீளமோ ஏறத்தாழ 400 கிலோமீற்றர்தான். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் தூரத்துக்கு அஃது ஒப்பாகும்.

இத்தூரக் கணக்கே பிரயாணத் திட்டம் வகுப்போரை முதலில் மயக்குவது. விடியற்காலையிற் புறப்பட்டால் மாலைக்குள் ஓடி முடித்துவிடலாம் என்று எண்ணத் தோன்றும். ஓடி முடிக்கவும் கூடும். ஆயின், இடப்பக்கமாக வண்டி செலுத்திப் பழகிய ஒரு சாரதி, வலப்பக்கமாகச் செலுத்தும் நாட்டில், முன்பின் அறியாத மலைவளைவுகளிற் பத்து மணிநேரம் தொடர்ந்து கவனத்தைச் சிதறவிடாமல் இருத்தல் அரிது. களைத்த வேளையிற் கையும் கண்ணும் பழைய பழக்கத்துக்கே திரும்பும். சந்தியிலே திரும்பும்போது, அல்லது காலையில் வண்டியை வெறும் வீதியிற் கொண்டுவந்து நிறுத்தும்போது, இடப்பக்கம் சாய்ந்துவிடுவது இயல்பு. எதிரே வரும் வண்டிக்கு அது தெரியாது. ஆகவே இப்பிரயாணத்துக்கு நாள் ஒதுக்குவதில் முதற்கண் எண்ணவேண்டியது வண்டியில் இருப்போரின் உயிர். காட்சி அதற்கு அடுத்தது. நான்கு நாட்கள் குறைந்த அளவு. ஐந்து நாட்கள் பொருத்தமானவை.

இலங்கைக் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்று ஐரோப்பாவில் உறவினர் இருக்கின்றனர். சுவிற்சர்லாந்திலோ ஜேர்மனியிலோ பிரான்சிலோ வாழும் மகனையோ சகோதரியையோ காணச் செல்வோர், அங்கே ஒரு வாரம் மிஞ்சினால் எங்கேனும் சுற்றிவர விரும்புவர். அத்தகையோருக்கு இவ்வழி ஏற்றது. எனினும் ஆயத்தம் முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

கடவுச்சீட்டும் விசாவும் முதலாவது. இத்தாலி, ஸ்லோவேனியா, ஒஸ்திரியா ஆகிய மூன்றும் செங்கன் உடன்படிக்கையில் அடங்கிய நாடுகள். ஆதலால் மூன்றுக்கும் ஒரே விசா போதும். எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குவதாகத் திட்டமோ அந்த நாட்டின் அலுவலகத்திலேயே விண்ணப்பம் செய்தல் வேண்டும். உறவினரோடு பல வாரம் தங்கிவிட்டு மலைப்பிரயாணத்துக்குச் சில நாட்களே ஒதுக்குபவர், உறவினர் வாழும் நாட்டிடமே விசா கேட்பது முறை. விசாவிற் குறித்த நாட்களின் எண்ணிக்கையைப் பிரயாணத் திட்டம் மீறக்கூடாது.

இரண்டாவது சாரதிப் பத்திரம். இலங்கையில் வழங்கிய அனுமதிப்பத்திரத்தோடு சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரமும் கையில் இருத்தல் வேண்டும். இலங்கை ஒட்டோமொபைல் சங்கம் அதனை வழங்குகின்றது. விமானம் ஏறிய பின்னர் அதனை நினைத்துப் பயனில்லை.

மூன்றாவது வாடகைக் கார் பற்றியது. ஒரு நாட்டில் வாடகைக்கு எடுத்த வண்டியை வேறொரு நாட்டுக்குக் கொண்டுசெல்வதற்கு உரிமையாளரின் சம்மதம் வேண்டும். எந்தெந்த நாடுகளுக்குச் செல்லப்போகின்றோம் என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் இடுவித்தல் நன்று. இல்லையேல் எல்லைக்கு அப்பால் நேரும் விபத்துக்குக் காப்புறுதி பயன்படாது போகலாம். ஒரு நாட்டில் எடுத்த வண்டியை மற்றொரு நாட்டில் ஒப்படைப்பதற்குப் பெருந்தொகை கேட்பதும் வழக்கம். அதனால் திரியெஸ்தேயில் எடுத்துத் திரியெஸ்தேயிலேயே ஒப்படைப்பதாக, வட்டமான வழி வகுப்பதே சிக்கனம்.

நான்காவது பருவம். இவ்வழியில் இரண்டு உயர்ந்த மலைவீதிகள் குறுக்கிடுகின்றன. ஸ்லோவேனியாவின் விர்ஷிச் கணவாய் குளிர்காலத்திற் பனி மூடி அடைபட்டுக் கிடக்கும். ஒஸ்திரியாவின் குரோஸ்குளோக்னர் உயர்மலை வீதி மே மாதத் தொடக்கம் முதல் நவம்பர்த் தொடக்கம் வரையில், அதுவும் பகற்பொழுதில் மட்டுமே திறந்திருக்கும். கோடையிலும் திடீரெனப் பனி பெய்து வீதி சில மணிநேரம் மூடப்படுவதுண்டு. ஜூன் நடுப்பகுதி முதல் செத்தெம்பர் முடிவு வரையிலான காலமே திட்டத்துக்கு உகந்தது. அவற்றுள் ஓகஸ்ற் மாதத்தில் ஐரோப்பியரே விடுமுறையில் வீதிகளை நிறைத்துவிடுவர். செத்தெம்பரில் வானம் தெளிந்து, கூட்டமும் குறைந்திருக்கும்.

இனி வழியை நோக்குவோம். திரியெஸ்தே நகரம் 1918 வரையில் ஒஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் தலையாய துறைமுகமாய் விளங்கியது. வியன்னாவிலிருந்து புகையிரதப் பாதை 1857இல் இந்நகரை எட்டியது. சுயெஸ் கால்வாய் 1869இல் திறந்தபின் கீழ்த்திசை வணிகம் இதனூடே பெருகிற்று. இலங்கைக்கும் இத்துறைமுகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஒஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பேர்டினண்ட் 1892 டிசெம்பரில் இங்கிருந்தே கப்பலேறி, 1893 ஜனவரியில் இலங்கைக்கு வந்து கொழும்பையும் கண்டியையும் கண்டு சென்றார். இருபத்தோராண்டு கழிந்து, 1914 ஜூனில், அவர் சரயேவோ நகரிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடல் போர்க்கப்பலில் ஏற்றப்பட்டு இதே திரியெஸ்தேயில் வந்து இறங்கிற்று. அக்கொலையை அடுத்து மூண்ட முதலாம் உலகப் போரின் அடிச்சுவட்டை இப்பிரயாணி அடுத்த இரண்டு நாட்களும் வழிநெடுகக் காண்பார்.

முதல்நாளை நகரத்துக்கும் அதன் மேலே எழும் மேட்டுநிலத்துக்கும் கொடுத்தல் தகும். கடலோரத்தில் மிராமரே என்னும் வெண்மாளிகை நிற்கின்றது. நகரின் பின்னால் நிலம் சடுதியாக உயர்ந்து கார்ஸ்ற் என்னும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலமாகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லையும், நிலாவரைக் கிணற்றையும், மழைநீர் நிலத்துள் மறைந்துபோவதையும் அறிந்தோருக்கு இந்நிலம் முற்றும் புதிதன்று. உலகெங்கும் இத்தகைய நிலத்துக்குப் புவியியலார் வழங்கும் பெயரே இம்மேட்டுநிலத்திலிருந்து எடுக்கப்பட்டதாகும். இங்கே ஆறொன்று நிலத்தினுள் புகுந்து ஷ்கோச்சியான் குகைகளூடே ஓடி மறைகின்றது. அக்குகைகளை ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் 1986இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

வடக்கே 40 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் கொரித்சியா என்னும் நகரம். எல்லை என்பது யாது என்று இங்கே நின்று பார்த்தால் விளங்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், 1947இல், பாரிஸ் சமாதான உடன்படிக்கை இத்தாலிக்கும் யூகோஸ்லாவியாவுக்கும் இடையே புதிய எல்லைக்கோடு வரைந்தது. நகரம் இத்தாலிக்குப் போயிற்று. நகரத்தின் ஒரு புகையிரத நிலையமோ எல்லைக்கு அப்பால் நின்றது. வீடு ஒரு பக்கமும் தோட்டம் மறுபக்கமுமாகக் குடும்பங்கள் தவித்தன. அருகிலுள்ள மிரென் கிராமத்துச் சேமக்காலையின் குறுக்கேயும் கோடு ஓடிற்று. 1975 வரையில் இறந்தோரும் இரு நாடுகளிற் கிடந்தனர். யூகோஸ்லாவியப் பக்கத்தில் நோவா கொரித்சா என்னும் புதுநகர் எழுந்தது. ஸ்லோவேனியா 1991இல் தனிநாடாகி, 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்ந்தபோது, புகையிரத நிலையத்தின் முன்னிருந்த வேலி அகற்றப்பட்டது. 2007 டிசெம்பரில் எல்லைச் சோதனையும் ஒழிந்தது. 2025இல் இவ்விரு நகரங்களும் ஒன்றாகவே ஐரோப்பாவின் பண்பாட்டுத் தலைநகர் என்னும் சிறப்பைப் பெற்றன.

சோதனை ஒழிந்தது என்று கேட்டுக் கடவுச்சீட்டைப் பெட்டியின் அடியிற் புதைத்துவிடலாகாது. குடிபெயர்ந்து வருவோரைக் காரணங் காட்டி ஒஸ்திரியா 2015 முதலும், இத்தாலி 2023 ஒக்தோபர் முதலும், ஸ்லோவேனிய எல்லையிற் சோதனையை மீண்டும் ஏற்படுத்தின. பிரதான வீதிகளில் வண்டியை நிறுத்திப் பத்திரம் கேட்பர். அண்டை நாட்டான் சிரித்துக்கொண்டு கடந்து செல்லும் இடத்தில், தொலைநாட்டுக் கடவுச்சீட்டு உடையவர் சற்று நேரம் காத்திருக்க நேரலாம். அந்த நேரத்தையும் திட்டத்திற் சேர்த்துக்கொண்டால் மனக்கசப்பு இராது.

இரண்டாம் நாள் சோச்சா நதிக்கு உரியது. நோவா கொரித்சாவை விட்டு வடக்கே திரும்பியதும் வீதி நதியோடு சேர்ந்து செல்லும். சொல்கான் என்னுமிடத்தில் நதியைத் தாண்டி நிற்கும் புகையிரதப் பாலம் 85 மீற்றர் அகலமான ஒரே கல்வளைவை உடையது. புகையிரதப் பாலங்களுள் இதனினும் பெரிய கல்வளைவு உலகில் வேறில்லை. நதியின் நிறம் பச்சை. மரகதத்தைக் கரைத்து ஊற்றியதுபோன்ற பச்சை. இவ்வழகிய நதிக்கரையிலேதான் 1915 முதல் 1917 வரையில் இத்தாலியப் படைகளும் ஒஸ்திரியா-ஹங்கேரிப் படைகளும் பன்னிரண்டு முறை பொருதன. நதியின் இத்தாலியப் பெயரால் அவை இசொன்சோப் போர்கள் எனப்படும். பன்னிரண்டாவது போர், 1917 ஒக்தோபர் 24ஆம் நாள், கொபாரிட் என்னும் சிற்றூரை அடுத்து மூண்டது. இத்தாலியர் கபொரெத்தோ என்று அழைக்கும் ஊர் இதுவே. இத்தாலியப் படை இங்கே முறிந்து பின்வாங்கியது. அமெரிக்க எழுத்தாளர் ஏர்னஸ்ற் ஹெமிங்வே 1929இல் வெளியிட்ட நாவலொன்று அப்பின்வாங்கலைச் சித்திரிக்கின்றது.

கொபாரிட்டில் இரவு தங்குதல் நன்று. ஊரின் நடுவே அப்போரைப் பற்றிய நூதனசாலை 1990 முதல் நடைபெறுகின்றது. ஊருக்கு மேலேயுள்ள குன்றில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட இத்தாலியப் போர்வீரரின் எலும்புகள் அடக்கம் செய்யப்பட்ட நினைவாலயம் நிற்கின்றது. இப்பள்ளத்தாக்கின் குடியானவன் ஒருவன் 1910இற் பிறந்து நீண்டநாள் வாழ்ந்திருப்பானாயின், அவன் பேரரசனின் குடியாய்ப் பிறந்து, இத்தாலியின் குடியாய் வளர்ந்து, யூகோஸ்லாவியாவின் குடியாய் முதுமையடைந்து, ஸ்லோவேனியாவின் குடியாய் இறந்திருப்பான். இவ்வளவுக்கும் தன் வீட்டுத் திண்ணையை விட்டு அவன் எங்கும் போயிருக்க வேண்டியதில்லை. எல்லையை ஒரு மணிநேரத்திற் கடக்கும் பிரயாணி, எல்லையே மக்களைக் கடந்துசென்ற இவ்வூர்களில் ஓர் இரவேனும் தங்குவது தகும்.

மூன்றாம் நாள் கணவாய். பொவெட்ஸ் ஊரைக் கடந்து திரெந்தாப் பள்ளத்தாக்கினுள் நுழைந்தால் நதி சிறுத்துச் சிற்றோடையாகும். அதன் ஊற்றும் இங்கேதான் இருக்கின்றது. அதன்பின் வீதி விர்ஷிச் கணவாயை நோக்கி ஏறத் தொடங்கும். கணவாயின் உயரம் 1,611 மீற்றர். நுவரெலியா நகரமே 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதை எண்ணினால் இஃது எவ்வளவு என்று தோன்றும். ஆயின் நுவரெலியா பூமத்தியரேகைக்கு அண்மையில் இருக்கின்றது. விர்ஷிச்சோ 46 பாகை வடக்கே இருக்கின்றது. அங்கே உறைபனியைக் கண்டு வியப்பவர் இங்கே ஆள்மூடும் பனியைக் காண்பர். ஏற்றத்திலும் இறக்கத்திலுமாக மொத்தம் ஐம்பது கொண்டையூசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் இலக்கமும் உயரமும் எழுதிய பலகை உண்டு. தெற்கேயிருந்து வருபவருக்கு ஐம்பதில் தொடங்கி ஒன்றில் முடியும். வடபுறத்து வளைவுகளிற் கல் பதித்திருப்பதால் மழை பெய்தால் வழுக்கும். கண்டியிலிருந்து மகியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவுகளில் வண்டி செலுத்திய அநுபவம் இங்கே கைகொடுக்கும்.

இவ்வீதி எவ்வாறு உண்டாயிற்று என்பதை அறியாமல் இதனைக் கடத்தல் ஆகாது. போர்முனைக்கு உணவும் குண்டும் கொண்டுசெல்வதற்காக ஒஸ்திரியப் படையினர், தம்மிடம் சிறைப்பட்ட ரஷ்யக் கைதிகளைக் கொண்டு இதனை வெட்டுவித்தனர். ஏறத்தாழ 10,000 கைதிகள் பட்டினியோடும் குளிரோடும் உழைத்தனர். 1916 மார்ச்சு மாதத்தில் மலைச்சரிவிலிருந்து பெயர்ந்து விழுந்த பனி அவர்களுள் நூற்றுக்கு மேற்பட்டோரை மூடிக் கொன்றது. எஞ்சிய தோழர்கள் எட்டாம் வளைவுக்கு அருகே மரத்தினால் ஒரு சிறு தேவாலயம் கட்டினர். அது இன்றும் நிற்கின்றது. வண்டியை ஓரமாக நிறுத்திச் சில படிகள் ஏறினால் அதனை அடையலாம். அந்நியர் நிலத்தில், தமக்கு எவ்வாற்றானும் பயன்படாத வீதியொன்றை அமைத்து மடிந்தவர்கள் அவர்கள். காட்டையும் மலையையும் வெட்டி இலங்கையின் மலைநாட்டு வீதிகளை அமைத்த தென்னிந்தியத் தொழிலாளரின் நினைவு இவ்விடத்தில் இலங்கையருக்கு எழாமற் போகாது.

கணவாயின் வடபுறத்தில் கிராஞ்ஸ்கா கோரா. அங்கிருந்து ஒஸ்திரியாவுக்குச் செல்லும் வூர்சன் கணவாய் 1,073 மீற்றர் உயரமேயாயினும் மிகச் செங்குத்தானது. பாரம் ஏற்றிய வண்டியை முதற்கியரிலும் இரண்டாம் கியரிலுமே செலுத்தல் வேண்டும். அன்றிரவு ஒஸ்திரியாவில் வில்லாக் நகரிலோ, சற்று மேற்கே லீன்ஸ் நகரிலோ தங்கலாம். விரைவு நெடுஞ்சாலைகளிற் செல்லும்போது ஸ்லோவேனியாவிலும் ஒஸ்திரியாவிலும் முன்கூட்டியே கட்டணம் செலுத்தி அநுமதி பெற்றிருத்தல் வேண்டும் என்பதும் நினைவில் இருக்கத்தக்கது. அநுமதியின்றிச் செல்வோருக்கு விதிக்கும் தண்டம் கடுமையானது. ஸ்லோவேனியாவிற் பகலிலும் முன்விளக்கு எரியவேண்டும் என்பது சட்டம்.

நான்காம் நாள் காலையில் வானத்தைப் பார்த்தே புறப்படல் வேண்டும். ஹைலிகன்புளூட் என்னும் மலையூரிலிருந்து குரோஸ்குளோக்னர் வீதி ஏறுகின்றது. பொறியியலாளர் பிரான்ஸ் வாலக் திட்டமிட்ட இவ்வீதி 1930இல் தொடங்கி 1935 ஓகஸ்ற் 3ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. பொருளாதாரம் நலிந்து வேலையற்றோர் மலிந்திருந்த அக்காலத்தில், ஆயிரக்கணக்கானோர் இதிற் கூலி பெற்றுப் பிழைத்தனர். 48 கிலோமீற்றர் நீளம், 36 வளைவுகள். பிரதான வீதி ஹொஹ்டோர் என்னுமிடத்தில் 2,504 மீற்றர் உயரத்தை எட்டுகின்றது. இலங்கையின் மிகவுயர்ந்த சிகரமாகிய பேதுருதாலகாலை 2,524 மீற்றர். அதன் உச்சிக்கு ஏறக்குறைய ஒத்த உயரத்தில் இங்கே மோட்டார் வண்டி ஓடுகின்றது. கிளைவீதியொன்றால் எடெல்வைஸ் முனைக்குச் சென்றால் 2,571 மீற்றர். பேதுருதாலகாலையினும் உயர்ந்த இடம்.

மற்றொரு கிளைவீதி பாஸ்டெர்ட்ஸே என்னும் பனிக்கட்டியாற்றின் முன்னே கொண்டுபோய் விடும். எதிரே ஒஸ்திரியாவின் தலைச்சிகரமாகிய குரோஸ்குளோக்னர், 3,798 மீற்றர் உயரத்தில் நிற்கும். பேரரசர் பிரான்ஸ் ஜோசப் 1856இல் இப்பக்கம் வந்து இதனைக் கண்டபோது பனிக்கட்டி பள்ளத்தாக்கை நிரப்பிக் கிடந்தது. வெப்பம் மிகுந்து வருவதால் அது ஆண்டுதோறும் உருகிச் சுருங்குகின்றது. அன்று பனிக்கட்டி இருந்த இடத்தில் இன்று வெறும் பாறையும் நீருமே தோன்றுகின்றன. பார்வை மேடையில் நின்று முன்னே பனிக்கட்டியைத் தேடுபவர் கீழே நெடுந்தூரம் கண்ணைச் செலுத்த வேண்டியிருக்கின்றது. குழந்தைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் இதனை அவர்களுக்குக் காட்டி வைத்தல் நன்று. அக்குழந்தைகள் தம் மக்களை அழைத்து வருங்காலத்தில் இங்கே எவ்வளவு எஞ்சியிருக்கும் என்பது கேள்வி.

இறங்கும்போது பிறேக்கை இடையறாது மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்கல் வேண்டும் என்பது மலைச்சாரதிகளின் பழைய விதி. உயரத்திற் காற்று மெலிந்திருப்பதால், இருதய நோயுள்ள முதியோர் மருத்துவரைக் கேட்டபின் வருவதே விவேகம். கோடையாயினும் கம்பளி உடை வண்டியில் இருத்தல் வேண்டும்.

வானம் மூடியிருந்தால் என் செய்வது? அதற்கும் விடை திட்டத்தில் இருக்க வேண்டும். லீன்ஸ் நகரிலிருந்து வடக்கே செல்லும் பெல்பெர்டவேர்ன் சுரங்கவழி 1967 முதல் ஆண்டு முழுவதும் மலையின் அடியால் வண்டிகளைக் கடத்துகின்றது. காட்சி குறைவு, கடப்பது உறுதி. விர்ஷிச் மூடியிருந்தால் பொவெட்ஸிலிருந்து பிரெடெல் கணவாய் வழியாக இத்தாலியின் தார்விசியோவை அடைந்து வடக்கே செல்லலாம். இவ்வாறு ஒவ்வோர் உயர்ந்த வழிக்கும் ஒரு தாழ்ந்த வழியைக் குறித்து வைத்திருப்பவர், மூடிய வாயிலின் முன்னே நின்று, வந்தது வரட்டும் என்று மூடுபனிக்குள் வண்டியைச் செலுத்த மாட்டார்.

ஐந்தாம் நாள், வடபுறத்து ஏரிக்கரை நகரமாகிய செல் அம் சேயிலிருந்து விரைவு நெடுஞ்சாலையால் வில்லாக், தார்விசியோ, ஊடினே வழியே திரியெஸ்தேக்கு மீளலாம். நான்கு நாட்களில் ஏறியதை அந்த ஒரே நாள் இறக்கிவிடும். மாலையில் மீண்டும் கடல் தோன்றும். அப்போது சட்டைப்பையிற் கடவுச்சீட்டும், வண்டியிற் போதிய பெற்றோலும், உடன் வந்தோர் யாவரும் நலமாகவும் இருப்பின், திட்டம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று கொள்ளலாம்.